பத்மினியின் குரல்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

தூத்துக்குடியில் பிறந்தவனுக்குச் சத்தம் புதிதன்று. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுத் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் ஆரவாரம், உப்பு மூட்டைகளோடு திணறிச் செல்லும் லாரிகளின் இரைச்சல், விடியுமுன் கடலுக்குப் புறப்படும் வள்ளங்களின் எஞ்சின் ஓசை, இவற்றின் நடுவே தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே எந்த வள்ளம் கரை திரும்புகிறது என்று சத்தத்தைக் கொண்டே சொல்லிவிடும் பாட்டிமார் எங்கள் தெருவில் உண்டு. எல்லா எஞ்சினும் ஒன்றுபோலத்தானே இரையும் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு, சத்தத்திற்காகவே ஒரு காரைக் கெடுத்தவன் நான். அந்தக் கதையை ஆண்டு மலரில் எழுதலாமா என்று முதலில் தயக்கமாக இருந்தது. கதையில் வரும் முட்டாள் நானே என்பதால் பிறருக்கு வருத்தமில்லை என்று துணிந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது 1978-ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் பிறந்தது. இத்தாலிய ஃபியட் 1100 என்னும் காரின் இந்திய வார்ப்பு அது. பெயர் மட்டும் சித்தூர் ராணியுடையது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீரிங்கின் பக்கத்திலேயே கியர்த் தண்டு. இந்த வண்டியின் உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மும்பையில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றன. ஆகவே எங்கள் ஊரில் யாராவது ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டால் நின்று, பானட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

கார் என் தாய்மாமாவுடையது. மாமா கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தவர். 1991-ல் பழைய வண்டியாக வாங்கி, தாமே துடைத்து, தாமே எண்ணெய் மாற்றி, பிள்ளையில்லாத குறையை அதில் தீர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "அண்ணன் வந்தாச்சு" என்று அம்மா தேயிலைத் தண்ணீருக்கு அடுப்பை மூட்டிவிடுவாள். ஒருநாளும் தவறியதில்லை. மாமா இறந்தபின் வண்டி எங்களிடம் வந்தது. ஆறு மாதம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. கல்லூரியில் சேர்ந்து, ஓட்டுநர் உரிமமும் எடுத்த பிறகு அதை நான் கையில் எடுத்தேன்.

அதுவரை எல்லாம் சரி. வகுப்பில் என்னோடு படிக்கும் ஒருவன் புல்லட் மோட்டார் சைக்கிளில் வருவான். அவன் வளாகத்தில் நுழைந்தால் மூன்றாவது மாடியில் பாடம் நடத்துகிறவர்கள்கூட ஒரு கணம் நிறுத்துவார்கள். என் பத்மினியோ பூனை உறுமுவதுபோல் வந்து நிற்கும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு சின்னக் குரலா' என்று எனக்குள் ஒரு குறை முளைத்தது. சைலன்சரும் துருப்பிடித்திருந்தது. உப்புக் காற்று எங்கள் ஊரில் எந்த இரும்பை விட்டது! மாற்றத்தான் வேண்டும் என்றால், மாற்றும்போது குரலையும் மாற்றிவிடலாமே என்று எண்ணினேன்.

மாமாவின் காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, இது பத்மினி. புல்லட்டு இல்ல. இதுக்கு அந்தச் சத்தம் வராது. தகரச் சத்தந்தான் வரும்" என்றார். ஏன் வராது என்று அவர் விளக்கவில்லை. விளக்காத காரணத்தால் நான் நம்பவில்லை.

இப்போது கணக்குத் தெரிகிறது. புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். நான்கு வீச்சு எஞ்சினாகையால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் 500 வெடி. அதாவது விநாடிக்கு எட்டு. அதைக் காது ஒவ்வொன்றாக எண்ணிவிடும். நெஞ்சில் குத்துவதுபோல் தோன்றுவது அதனால்தான். பத்மினிக்கு நான்கு சிலிண்டர். அதே 1000 சுற்றில் 2000 வெடி, விநாடிக்கு முப்பத்துமூன்று. விநாடிக்கு இருபதைத் தாண்டினால் நம் காது தனித்தனி அடிகளாகக் கேட்காது. எல்லாவற்றையும் ஒரே ஸ்வரமாகக் கோத்துவிடும். எத்தனை பெரிய குழாயைப் பொருத்தினாலும் நான்கு சிலிண்டர் வண்டி 'டக் டக்' என்று பேசாது. இந்தச் சின்னப் பெருக்கல் கணக்கை அன்றே போட்டிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். மூன்றாண்டு இயற்பியல் படித்தவன் போடவில்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத அண்ணாச்சி காதாலேயே போட்டு வைத்திருந்தார்.

வேறொரு பட்டறையில் வேலை நடந்தது. பட்டறைக்காரர்மேல் குற்றமில்லை, நான் சொன்ன இடத்தில் வெட்டினார், சொன்னதைப் பற்றவைத்தார். சைலன்சரைக் கழற்றிப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பினேன். (சென்னையில் இதைக் காயலான் கடை என்பார்கள். நம் பக்கத்துக் காயல்பட்டினத்தார் அங்கே போய் நடத்தியதால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். ஊரின் பெயர் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிறது.) அதன் இடத்தில் உள்ளே தடுப்பேதும் இல்லாத நேர்க் குழாய். வழக்கமாகப் புகைக்குழாய் பின் அச்சுக்கு மேலே வளைந்து பம்பருக்கு வெளியே போய் முடியும். அந்த வளைவுக்குத் தனிக் கூலி கேட்டார்கள். கூலியை மிச்சம் பிடித்தால் சத்தமும் பக்கத்திலேயே கேட்கும் என்று, பின் இருக்கைக்குக் கீழேயே குழாயை முடித்துவிட்டேன். எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்திருந்தது.

வண்டி கத்தியது. அதை வேறு சொல்லால் சொல்வதற்கில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் குழாய்க்குள் எரியாத பெட்ரோல் படபடவென்று வெடிக்கும். வளாகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர்கள் கை தட்டினார்கள். வீட்டிலோ அப்பா ஒருமுறை வெளியே வந்து பார்த்து, "என்னலே இது, டின்னுக்குள்ள கல்லப் போட்டு உருட்டுத மாதிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்மா அதுகூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, "அண்ணன் வண்டி மாதிரியே இல்ல" என்றாள். எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா முத்துக்குளித்தவர். 1961-ல் கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தபோது அவர் பதினெட்டு வயதுப் பிள்ளை. காலில் கல்லைக் கட்டி, மூச்சைப் பிடித்து, தொளாயிரம் பார் பக்கமெல்லாம் இறங்கியதாகச் சொல்வார். அதன்பின் பாரில் முத்துக்குளிப்பு இல்லை, சங்குதான் மிச்சம். அப்பா சங்கு குளித்தார். அவர் காலத்தில் கல்லும் மூச்சும் போய், வள்ளத்தில் கம்ப்ரசர் வைத்து நீளக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் முறை வந்துவிட்டது. இருபது வருடம் இறங்கி வலது காது மந்தமான பிறகு இப்போது மேலே நின்று குழாயையும் எஞ்சினையும் பார்த்துக்கொள்கிறார். கீழே இருப்பவனின் மூச்சு மேலே ஓடும் எஞ்சினில் இருக்கிறது. ஆகவே எஞ்சின் ஓசையில் ஒரு சிறு மாறுதல் வந்தாலும் அப்பாவின் முகம் மாறும்.

கார்த்திகை மாதம். மணப்பாட்டில் உறவினர் வீட்டுத் திருமணம். அப்பா முன்னால், அம்மாவும் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கையும் பின்னால். ஊரை விட்டுக் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. பின் கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டோம். அப்பா மட்டும், எந்த மழையானாலும் தம் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்திருப்பார். அது அவர் பழக்கம். பழையகாயல் தாண்டியதும் அம்மா தலை வலிக்கிறது என்றாள். சத்தத்தினால் இருக்கும் என்று நினைத்தேன். முக்காணி வருமுன் வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். புடவைப் பெட்டி வாசம், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, இப்படி ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். தங்கை தூங்கிவிட்டிருந்தாள். தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரியும் இடத்தில், அப்பா திரும்பி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

"வண்டிய நிறுத்துலே. எஞ்சின அமத்து. கதவத் திற!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மழையிலேயே இறங்கி, தங்கையைத் தூக்கிச் சாலையோரம் கிடத்தினார். அம்மா தானாகவே இறங்கினாள். இரண்டு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். தங்கை கண்ணைத் திறந்தாள். 'ஊர் வந்துட்டா' என்று கேட்டாள். பிறகு அழுதாள். அந்த அழுகையைப்போல் இனிமையான ஓசையை நான் கேட்டதில்லை. அவ்வழியே வந்த வேன்காரர் ஒருவர் இருவரையும் மருத்துவமனைக்கு ஏற்றிப் போனார். ஆக்சிஜன் வைத்தார்கள். மாலைக்குள் இருவரும் தெளிந்துவிட்டார்கள். திருமணத்திற்கு யாரும் போகவில்லை.

நடந்தது இதுதான். மாமா மேலே ரெக்சின் விரித்து மூடியிருந்த தரைத் தகடு, பின் இருக்கைக்குக் கீழே உப்புக் காற்றில் அரித்து ஓட்டையாகிக் கிடந்தது. நான் அந்த ஓட்டைக்கு நேர் கீழே கொண்டுபோய்ப் புகைவாயை வைத்திருந்தேன். போதாததற்கு ஓடும் காரின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறையும். வெளியே போன புகையையும் டிக்கியின் தேய்ந்த ரப்பர் வழியாக அது உள்ளே இழுக்கும். பெட்ரோல் முழுதாக எரியாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிரியத்தோடு அதைப் பற்றிக்கொள்ளும். பற்றியதை எளிதில் விடாது. சாதாரணக் காற்றில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரமாகும். இவற்றைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சான்றிதழில் அனுமதிக்கப்படும் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். சான்றிதழ் பெற்ற வண்டியாயினும் மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் ஆளைக் கொல்லும் என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

அப்பா எப்படிக் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் ரசாயனம் படித்தவரல்லர். மருத்துவமனைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், பாரில் அவரும் இன்னொருவரும் இறங்கியிருக்கிறார்கள். இறங்கும்போது கச்சான் காற்று. பாதியில் காற்று மாறிக் கொண்டல் திரும்பிவிட்டது. மேலே நின்றவர் கவனிக்கவில்லை. எஞ்சின் புகை நேராகக் கம்ப்ரசர் வாய்க்குள் போயிருக்கிறது. "தல லேசா வலிச்சுது. பெறவு தூக்கம் வந்துது. நல்ல தூக்கம். அந்தத் தூக்கந்தாம்லே பயம். சங்கு கண்ணுக்கு முன்னால கெடக்கு, எடுக்கணும்னு தோணல" என்றார். அவர் கயிற்றை இழுத்து மேலே வந்துவிட்டார். கூட இறங்கியவரை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன்பின் அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்து விடியற்காலை என்னை எழுப்பி வள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்ப்ரசருக்குக் காற்று எடுக்கும் வாய், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பில் கட்டி முன்பக்கம் நிற்கிறது. எஞ்சினின் புகைக்குழாய் பின்னால், நீருக்கு மேலே வெகுதூரம் நீட்டி வெளியே போகிறது. நடுவில் அப்பா நிற்கும் இடம். நங்கூரம் போட்டதும் அவர் முதலில் பார்த்தது கடலையன்று. புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை. அன்று முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ஒரு சங்கை என் கையில் கொடுத்து, "ஊதுத சங்குக்கு நுனிய எம்புட்டு வெட்டணும்னு தெரியுமா? கொஞ்சம் கூடுதலா வெட்டுனா அம்புட்டுத்தான். திரும்ப ஒட்ட முடியாது" என்றார். சைலன்சரைப் பற்றி அவர் பேசியது அவ்வளவே.

வெட்கத்தோடு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "மொதல்ல தரை. பெறவு குழாய். சத்தம் கடைசி" என்றார். துருவை வெட்டி எடுத்துத் தரைக்குப் புதுத் தகடு வைத்தோம். டிக்கிக்கும் கதவுகளுக்கும் ரப்பர் மாற்றினோம். பத்மினிக்கு உரிய வடிவத்திலேயே ஒரு சைலன்சர் தேடிப் பிடிக்க மூன்று வாரமாயிற்று. குழாய் இம்முறை அச்சைத் தாண்டி வளைந்து, பம்பருக்கு வெளியே இரண்டு விரல்கடை நீண்டு முடிந்தது.

பிறகு அண்ணாச்சி ஒரு வேலை செய்தார். வண்டியை மெதுவாக ஓடவிட்டு, நனைத்த கந்தையால் குழாயின் வாயை அடைத்தார். எங்கெங்கோ 'உஸ்' என்று சீறியது. எஞ்சினோடு மேனிஃபோல்டு சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்து, ஓரத்தில் கறுப்பாகக் கரி படிந்திருந்தது. இணைப்பில் இன்னொரு கசிவு. "ஒங்க மாமா இருந்த கடைசி ரெண்டு வருசம் இத மாத்தல. ஒனக்குப் புடிக்காத சத்தம் இந்த ஓட்டைச் சத்தந்தான்" என்றார். கசிவுகளை அடைத்ததும் குரல் இறங்கிக் கனத்தது. நான் பணம் செலவழித்துத் தேடிய கனம், நாலு போல்ட்டும் ஒரு கேஸ்கெட்டும் மாற்றியதில் பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதிக்குக் கணக்குப் போட்டேன், இம்முறை நோட்டில். வண்டி 3000 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 100 வெடி. குழாயிலுள்ள வாயு 300 டிகிரிச் சூட்டில் இருந்தால் அதில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் ஓடும். எனவே ஓர் அலையின் நீளம் 4.8 மீட்டர், அதில் கால் பங்கு 1.2 மீட்டர். விரிந்த அறைக்குள் நுழையும் அலையில் ஒரு பகுதி திரும்பி ஓடும். அறையின் நீளம் அந்தக் கால் பங்காக இருந்தால் வருவதும் போவதும் ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் 1.2 மீட்டர் சைலன்சரை எந்தக் காரின் அடியில் மாட்டுவது? அதனால்தான் தாழ்ந்த ஓசை சைலன்சரைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்கிறது; கூர்மையான ஓசைகளோ உள்ளேயே மடிகின்றன. காதுக்கு உறுத்துவதும் அந்தக் கூர்மைதான். துளையிட்ட உட்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த ஒரு சிறு உருளையைச் சைலன்சருக்கு முன்னால் வைத்தால் கூர்மை இன்னும் மடியும் என்று பேராசிரியர் ஐயா சொன்னார். அண்ணாச்சி செய்து கொடுத்தார். அவர் அதற்கு வாங்கிய கூலியைவிட, சோதனைச் சாலையில் அதைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்குப் பேராசிரியர் செலவிட்ட நேரம் அதிகம்.

சட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் அதை மாட்டினேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஓசைக் குற்றத்துக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், சிறையும் உண்டு. பல ஊர்களில் புல்லட் சைலன்சர்களை வரிசையாக அடுக்கிக் காவல்துறையினர் ரோடு ரோலர் ஏற்றுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நான் முன்பு மாட்டியிருந்த குழாய்க்கும் அதே மரியாதை கிடைத்திருக்க வேண்டும். தப்பித்தது என் அதிர்ஷ்டம். ஐம்பது வயது நிறைந்த கார்களை, பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால், பழம்பெரும் வாகனம் என்று தனியே பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. எங்கள் பத்மினிக்கு அந்த வயது 2028-ல் நிறைகிறது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினேன். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். வாசலில் அம்மா நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "இன்னும் கொஞ்சம் சத்தந்தான். அண்ணன் வண்டி இம்புட்டு இரையாது" என்றாள். பிறகு உள்ளே போய்த் தேயிலைத் தண்ணீர் போட்டாள். தங்கை இன்னமும் பின் இருக்கையில் ஏறுவதில்லை. முன்னால் உட்கார்ந்து, அப்பாவைப் போலவே கண்ணாடியை நாலு விரல் இறக்கிக்கொள்கிறாள்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இப்போதும் பின்னாலிருந்து ஒரு முனகல் வருகிறது. உருளையை ஒரு சாண் முன்னே தள்ளினால் போகும் என்கிறார் அண்ணாச்சி. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் எங்கும் கிடைக்கவில்லை. தற்போதைக்குச் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருக்கிறேன். தேர்வு முடிந்ததும் இரண்டையும் பார்க்க வேண்டும்.